ஷீட்டு மெஷினோட ஸ்க்ரூ நெஜமாவே சுத்தணும்

ரொம்ப நாளா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. இன்னிக்கி கொட்டிடுறேன்.

"3டி பிரிண்ட் பண்ணின சாமானுக்கு மரை வேணுமா? பித்தளை இன்செர்ட் வாங்குங்க, சோல்டரிங் அயன சூடாக்குங்க, அழுத்துங்க, முடிஞ்சிச்சு." இப்படிச் சொல்ற வீடியோ கொட்டிக் கெடக்கு. பொய் இல்ல. ஆனா எந்த பிளாஸ்டிக்குக்குன்னு சொல்லாம விட்டுடுறாங்க. எங்க தாமான்ல ஒரு பையன், படிவம் நாலு படிக்கிறான். அதைப் பார்த்துட்டு, ரெசின்ல அச்சடிச்ச ஒரு ரோபோ கைல அப்படியே செஞ்சிருக்கான். மொதல்ல புகை. அப்புறம் நாத்தம். அப்புறம் 'டிக்'னு ஒரு சத்தம், சாமான் ரெண்டு துண்டு. கைல எடுத்துக்கிட்டு வந்து, "அண்ணே, நான் எங்க தப்பு பண்ணேன்?"னு கேக்குறான்.

நீ ஒண்ணும் தப்பு பண்ணலடா தம்பி. உனக்குப் பாதி விஷயத்த மட்டும் சொல்லியிருக்காங்க.

மீதிப் பாதி இதுதான்.

கம்பிச்சுருள் போட்டு அச்சடிக்கிற மெஷின்ல ஓடுறது பிஎல்ஏ, ஏபிஎஸ் மாதிரி சாமான். சூடு பட்டா இளகும், ஆறினா இறுகும், மறுபடி சூடு பட்டா மறுபடி இளகும். சூடான பித்தளைய அழுத்தும்போது சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் உருகி, பித்தளை மேல வெட்டியிருக்கிற வரிக்குள்ள ஓடி, அங்கயே இறுகிக்கும். அதனாலதான் அந்த முறை அவ்ளோ நல்லா புடிக்குது.

ரெசின் அந்த ஜாதி இல்ல. தொட்டில இருக்கிற வரைக்கும் அது திரவம். 405 நானோமீட்டர் ஒளி பட்டதும் மூலக்கூறெல்லாம் குறுக்கயும் நெடுக்கயும் ஒண்ண ஒண்ணு கட்டிக்கிட்டு கெட்டியாயிடும். அந்தக் கட்டு சூட்டுக்கு அவிழாது. சூடு ஏற ஏற கருகும், விரிசல் விடும். உருகவே உருகாது.

தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது புது விஷயமே இல்லங்க. புகைவீட்டுல காஞ்ச ரப்பர் ஷீட்டு சூடு பட்டா பிசுபிசுன்னு இளகும். அதே ரப்பர்ல கந்தகத்தக் கலந்து வேக வச்சுட்டா (சார்ல்ஸ் குட்இயர் 1839ல கண்டுபிடிச்சு, 1844ல காப்புரிமை வாங்கின வேலை) அப்புறம் அது டயர் ரப்பர். டயர எரிக்கலாம், அறுக்கலாம். உருக்கி மறுபடி ஷீட்டாக்க முடியாது. ரப்பருக்குள்ள கந்தகம் போடுற குறுக்குக் கட்ட, ரெசினுக்குள்ள ஒளி போடுது.

ஆக, ரெசின்ல சோல்டரிங் அயன் வேணாம். இத மட்டும் படிச்சிட்டு மூடிட்டுப் போனாலும் எனக்கு சந்தோஷம்.

சரி, நான் ஏன் இதுக்குள்ள இவ்ளோ ஆழமா எறங்கினேன்?

ரப்பர் ஷீட்டு மெஷினுக்காக.

மலாயாவுல ரப்பர வியாபாரப் பயிரா மொதல்ல நட்டது நம்ம மலாக்காவுலதான். 1896, புக்கிட் லிந்தாங். நட்டவர் டான் சே யான். அவருக்கு விதையும் தைரியமும் குடுத்தவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லி. அதுக்கப்புறம் புக்கிட் அசகான், அதுக்கப்புறம் மாநிலம் பூரா. இந்தப் பேரெல்லாம் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குக் கூட தெரியும். ஆனா அந்த ரப்பர் பால ஷீட்டாக்குற மெஷினக் கையால தொட்டுச் சுத்திப் பார்த்த பசங்க இப்ப யாரு இருக்கா? ஜாசின் பக்கம் கார்ல போனா ரெண்டு பக்கமும் செம்பனைதான் வருது. பால்மரம் பார்க்கணும்னாலே தேடித்தான் போகணும்.

அதனால பத்துல ஒரு பங்கு அளவுல ஒரு மாதிரி செய்யணும்னு ஆசை. கண்ணாடிப் பொட்டிக்குள்ள பூட்டி வைக்கிற மாதிரி இல்ல. பசங்க கைப்பிடியப் புடிச்சு சுத்தணும், உருளை சுத்தணும், உள்ள விடுற களிமண்ணு தட்டையா வெளிய வரணும். அதுக்கும் மேல, மெஷின் தலைல இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவும் நெஜமாவே வேலை செய்யணும்.

அந்த ரெண்டு ஸ்க்ரூதான் மெஷினோட உயிரு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பால வடிகட்டி, தண்ணி கலந்து, பார்மிக் ஆசிட் ஊத்தி, தட்டுல உறைய வைப்பாங்க. உறைஞ்ச கட்டிய வழவழப்பான உருளை ரெண்டுக்கு நடுவுல விட்டு எடுப்பாங்க. ஒவ்வொரு தடவையும் இடைவெளியக் கொறச்சு மறுபடி விடணும். கடைசில வரி வெட்டின உருளை. அதுலதான் ஷீட்டு மேல அந்த வரி விழும். ஷீட்டு 3 மில்லிமீட்டர் வாக்குல வந்ததும் தண்ணி வடியத் தொங்கவிட்டு, அப்புறம் புகைவீடு. பெரிய ஆலையில மோட்டார்ல ஓடுற மெஷினே வரிசையா நிக்கும். சின்னத் தோட்டக்காரங்க கொட்டாயில கையால சுத்துற மெஷின். நான் செய்யுறது அந்தக் கை மெஷின்.

இடைவெளியக் கூட்டிக் கொறைக்கிறது தலைல இருக்கிற ஸ்க்ரூங்கதான், இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. எங்க பெரியம்மா இந்த மெஷின்ல வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்க. நான் வரைஞ்சு காட்டின படத்தப் பார்த்ததும் மொதல்ல கை வச்ச எடம் அந்த ஸ்க்ரூதான். "ரெண்டையும் ஒண்ணா திருகணும்யா. ஒரு பக்கம் கூடிப்போச்சுன்னா ஷீட்டு ஒரு ஓரம் கனமா வரும். கனமா வந்தா காயாது, உள்ள வெள்ளையா நின்னுக்கும். கிராணி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பார்த்துட்டு கிரேடக் கொறச்சுடுவாரு." வரி போட்ட புகை ஷீட்ட ஆர்எஸ்எஸ் 1ல இருந்து ஆர்எஸ்எஸ் 5 வரைக்கும் தரம் பிரிக்கிறாங்களே, அதுல ஷீட்டு எங்க போய் நிக்கும்னு முடிவு பண்றதுல இந்த ரெண்டு ஸ்க்ரூவுக்கும் பங்கு இருக்கு.

அப்படிப்பட்ட ஸ்க்ரூவ ஒட்டவச்ச பொம்மையா வைக்க எனக்கு மனசு வரல.

இப்ப கணக்கு. ரெண்டு அடி உருளை என் மாதிரில 6 சென்டிமீட்டர். முக்கால் அங்குல ஸ்க்ரூ, அதாவது 19 மில்லிமீட்டர், பத்துல ஒரு பங்குன்னா 1.9. கடையில கெடைக்கிற எம்2 ஸ்க்ரூ அதுக்கு கச்சிதமாப் பொருந்துது. (பழைய பிரிட்டிஷ் மெஷின்ல வர்ற மரை, ஜோசப் விட்வர்த் 1841ல முன்வச்ச அளவு. முக்கால் அங்குலத்துக்கு ஒரு அங்குலத்துல 10 மரை, மரைக் கோணம் 55 டிகிரி. இப்ப நாம வாங்குற மெட்ரிக் ஸ்க்ரூ 60 டிகிரி. பத்துல ஒரு பங்குக்கு சுருக்கினா மரைக்கு மரை 0.25 மில்லிமீட்டர் வரணும், எம்2ல 0.4 வருது. கொஞ்சம் அகலம்தான். மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தாத்தான் தெரியும், பரவால்ல.)

சரி, அந்த எம்2 ஸ்க்ரூ எதுக்குள்ள போய் சுத்தும்? நான் ரெசின்ல அச்சடிக்கிற மெஷின் சட்டத்துக்குள்ளதான். இங்கதான் தலைவலி ஆரம்பம்.

நேரா மெஷின் மேலயே செஞ்சு பார்க்க நான் தயாரா இல்ல. சட்டத்துல இருக்கிற அதே கனத்துல, அதே ரெசின்ல சின்னச் சின்ன கட்டையா அச்சடிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு விதமா மரை வச்சு, வேணும்னே உடைச்சேன். உடையுற வரைக்கும் இறுக்குறது, கழட்டுறது, மறுபடி இறுக்குறது. நீங்களும் இப்படிச் செஞ்சு பாருங்க, செலவும் ஒண்ணும் பெருசா ஆகாது. உடைஞ்ச துண்டு சொல்லிக் குடுக்குற அளவுக்கு எந்த வீடியோவும் சொல்லிக் குடுக்காது.

மரையோடயே அச்சடிச்சா என்ன? எல்லாருக்கும் வர்ற மொத யோசனை. எம்2ல மரைக்கு மரை 0.4 மில்லிமீட்டர். 0.05 அடுக்குல அச்சடிச்சா ஒரு மரைக்கு எட்டு அடுக்கு. மரையோட ஆழம் கால் மில்லிமீட்டர் கூட வராது. ஒளி ஓரத்துல கொஞ்சம் கசியுறதால துளை எப்பவும் வரைஞ்சத விட இறுக்கமாத்தான் வரும். ஸ்க்ரூ உள்ள போகுற மாதிரி இருக்கும், ரெண்டு சுத்துல மரை வழிச்சுக்கிட்டு வெள்ளைப் பொடியா வெளிய வரும். எம்6, அதுக்கும் மேலன்னா (மரைக்கு மரை 1 மில்லிமீட்டர்) அச்சடிச்ச மரையே நல்லா நிக்கும். மூடி, டப்பா, கேமரா ஸ்டாண்டு பிடி இதுக்கெல்லாம் நானே அப்படித்தான் செய்யுறேன். சின்ன ஸ்க்ரூவுக்கு அது ஆகாது.

அடுத்தது, துளை போட்டு டேப்பு வச்சு மரை வெட்டுறது. எம்2க்கு 1.6 மில்லிமீட்டர் துளை, எம்3க்கு 2.5. டேப்ப கைவிரலால புடிச்சு, ஒரு துளி எண்ணெய் விட்டு, அரைச்சுத்து முன்னால கால்சுத்து பின்னால. ரெசின்ல மரை ரொம்ப அழகா வெட்டும். அச்சடிச்ச மரைய விட பல மடங்கு சுத்தமா இருக்கும். ஒரே தடவை மாட்டி அப்படியே விடுற எடத்துக்கு இது போதும்னு அடிச்சுச் சொல்லுவேன். என் மாதிரில அடிப்பலகைய சட்டத்தோட சேர்க்குற ஸ்க்ரூவெல்லாம் இந்த விதம்தான். எல்லாத்துக்கும் பித்தளை போடணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. ஆனா தெனம் சுத்துற ஸ்க்ரூவுக்கு டேப்பு மரை தாங்காது. எஃகு ஸ்க்ரூ ரெசின கொஞ்சம் கொஞ்சமா அரைச்சுக்கிட்டே இருக்கும். ஒருநாள் பார்த்தா ஸ்க்ரூ வழுக்கும்.

அலுமினியம் என்ஜின்ல மரை போயிட்டா கம்பிச்சுருள் இன்செர்ட் போடுவாங்களே, அதையும் சிலர் சொன்னாங்க. நல்ல சாமான்தான், எனக்கு மரியாதை உண்டு. ஆனா அந்தச் சுருள் துளைய விட கொஞ்சம் பெருசா இருக்கும். உள்ள போனதும் விரிஞ்சு, வெளிப்பக்கமா அழுத்திக்கிட்டுத்தான் நிக்கும். அலுமினியம் அந்த அழுத்தத்தத் தாங்கும். 2 மில்லிமீட்டர் ரெசின் சுவரு தாங்காது. விரிசல் உடனே தெரியாது, மறுநாள்தான் தெரியும்.

எப்பாக்சிலயே மரை வார்க்குற முறை ஒண்ணு இருக்கு. இது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்திச்சு. துளைய பெருசா போட்டு, உள்ள ரெண்டு பகுதி எப்பாக்சிய ரொப்பி, மெழுகு தடவின ஸ்க்ரூவ நேரா எறக்கி விட்டுடணும். எப்பாக்சி இறுகினதும் ஸ்க்ரூவத் திருகி எடுத்தா, அந்த ஸ்க்ரூவோட மரை அப்படியே உள்ள பதிஞ்சிருக்கும். ஆட்டமே இருக்காது. எப்பாக்சி ரெசின விட கொஞ்சம் முரட்டுச் சாமான், அதனால டேப்பு மரைய விட ரொம்ப நாளைக்கு வரும். இன்செர்ட் கெடைக்காத ஊர்ல, அவசரத்துக்கு, இத நம்பலாம். (மெழுகுவத்தி மெழுகு போதும். ஸ்க்ரூவ லேசா சூடாக்கி மெழுகுல உருட்டி, மிச்சத்த துணியால தொடச்சிடுங்க. மெழுகு படாத எடம் ஒரு ஓரம் இருந்தாலும் ஸ்க்ரூ அங்கயே தங்கிடும்.)

எல்லாத்தையும் உடைச்சுப் பார்த்ததுல எனக்கு ஒண்ணு நல்லாப் புரிஞ்சிச்சு. தேயுற வேலைய ரெசினுக்குக் குடுக்கவே கூடாது. ஸ்க்ரூ எஃகு, மரை பித்தளை, ரெண்டும் தங்களுக்குள்ள உரசிக்கட்டும். ரெசின் அந்தப் பித்தளைய நகராம புடிச்சுக்கிட்டு இருந்தா போதும். புடிச்சுக்கிட்டு இருக்கிறதுல ரெசின் கெட்டிக்காரன்தான். அந்தப் பிடியோட அகலமும் ஆழமும் நம்ம கைல இருக்கு, எவ்ளோ வேணும்னாலும் குடுக்கலாம்.

பித்தளை எங்க கெடைக்கும்? சோல்டரிங் அயனுக்குன்னு விக்கிற அதே வரி வெட்டின இன்செர்ட்டு வாங்குங்க. ஆன்லைன்ல ஒரு பாக்கெட் சில வெள்ளிதான். சூடு பண்ணாம எப்பாக்சில ஒட்டப் போறோம், அவ்ளோதான் வித்தியாசம். மேல இருக்கிற வரிக்குள்ள எப்பாக்சி போய் உக்காந்துக்கும்.

இன்னொரு வழி, பழைய கம்ப்யூட்டர். மதர்போர்டுக்கு அடியில ஆறுமுகப் பித்தளைக் கால் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள மரை ரெடியா இருக்கு. ரிப்பேர் கடையில கேட்டா கையில அள்ளிக் குடுப்பாங்க. ரம்பத்துல வேணுங்குற நீளத்துக்கு அறுத்து, ஆறுமுகக் குழி அச்சடிச்சு உள்ள வச்சா சுத்தவே சுத்தாது. ஒண்ணு மட்டும் கவனம், அதுல சிலது எம்3, சிலது 6-32ங்குற அங்குல மரை. பார்த்தா ஒரே மாதிரி இருக்கும். எம்3 ஸ்க்ரூவ விரலால திருகிப் பாருங்க. ரெண்டு சுத்துக்கு மேல சுகமாப் போகலன்னாலும், இல்ல லொடலொடன்னு ஆடினாலும் அது வேற, தூக்கி வச்சிடுங்க.

மூணாவது, சாதாரண பித்தளை நட்டு. எம்2 நட்டு முகத்துக்கு முகம் 4 மில்லிமீட்டர், கனம் 1.6. எம்3 நட்டு 5.5, கனம் 2.4. குழிய 0.15 மில்லிமீட்டர் வாக்குல பெருசா விட்டா கை அழுத்தத்துல உக்காந்துக்கும். (உங்க மெஷினுக்கு எவ்ளோன்னு ஒரு கட்டை அச்சடிச்சுப் பார்த்துக்கோங்க. ரெசினுக்கு ரெசின் மாறும்.) என் சட்டத்தோட மேல்கட்டைல எடம் கம்மிங்கறதால நான் கடைசில எடுத்துக்கிட்டது இந்த எம்2 நட்டுதான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். இதை யாரும் சொல்லிக் கேட்டதில்ல, அதனால கொஞ்சம் நிதானமாப் படிங்க.

ஷீட்டு மெஷின்ல ஸ்க்ரூ மேல்கட்டைல இருந்து கீழ எறங்கி, மேல் உருளையோட தாங்குகட்டைய அழுத்துது. உருளைக்கு நடுவுல களிமண்ணு போகும்போது உருளை மேல எழும்பப் பார்க்கும், ஸ்க்ரூவ மேல தள்ளும். ஸ்க்ரூ நட்ட மேல தள்ளும். நட்டு மேல பக்கத்துல இருந்து குழிக்குள்ள எறங்கியிருந்தா, அதைப் புடிச்சுக்கிட்டு இருக்கிறது என்ன? பசை மட்டும்தான். பசங்க நாலு பேர் மாத்தி மாத்தி சுத்தினா நட்டு பிச்சுக்கிட்டு மேல வந்துடும்.

அதனால குழிய கீழ் பக்கத்துல இருந்து தொறந்தேன். நட்டு கீழ இருந்து மேல ஏறி உக்காருது. மேல 2 மில்லிமீட்டர் முழு ரெசின் கூரை மாதிரி மூடியிருக்கு, அதுல ஸ்க்ரூ போற துளை மட்டும். இப்ப உருளை எவ்ளோ தள்ளினாலும் நட்டு அந்த ரெசின் கூரையத்தான் அழுத்தும். பசைக்கு வேலையே இல்ல, நட்டு கீழ விழாம புடிச்சா போதும். ரெசின் அமுக்கத்தத் தாங்கும், இழுப்பத் தாங்காது. இந்த ஒரு மாத்தத்துல கிடைச்ச பலம், பசைய மாத்தி மாத்திப் பார்த்ததுல கிடைக்கவே இல்ல.

நீங்க எந்த சாமான் செஞ்சாலும் பென்சில எடுத்து ஒரு அம்புக்குறி போட்டுப் பாருங்க. ஸ்க்ரூ எந்தப் பக்கம் இழுக்குது? பித்தளை அந்தப் பக்கத்து ரெசின்ல போய் முட்டணும். தொறந்த வாய்ப் பக்கம் இழுக்கக் கூடாது.

ஒட்டுற வேலைக்கு வருவோம்.

சூப்பர் க்ளூ வேணாம். தண்ணி மாதிரி ஓடி மரைக்குள்ள பூந்துடும், இறுகினா கண்ணாடி மாதிரி நொறுங்கும், சுத்தி வெள்ளைப் பூ பூத்து நிக்கும். அதே ரெசின ஒரு சொட்டு விட்டு யூவி டார்ச்சு அடிக்கலாம்னும் சொல்லுவாங்க. பித்தளைக்குப் பின்னால ஒளி எப்படிப் போகும்? வெளியில இறுகின மாதிரி இருக்கும், உள்ள ஈரமாவே நிக்கும். அந்த இறுகாத ரெசின் உள்ள இருந்துக்கிட்டு மாசக் கணக்குல ஊறி, சாமானயே விரிசல் விட வச்சிடும். ரெண்டு பகுதி எப்பாக்சிதான். 5 நிமிஷத்துல இறுகுறத விட மெதுவா இறுகுறது நல்லா புடிக்கும், நமக்கும் நேரம் பார்த்து நேராக்க வசதி.

பித்தளைய ஐபிஏ ஆல்கஹால்ல கழுவி எண்ணெய எடுத்துடுங்க. குழியோட உள்பக்கத்த உப்புத்தாளால ஒரு தேய் தேச்சு சொரசொரப்பாக்குங்க (தண்ணி தொட்டுத் தேய்ங்க, ரெசின் தூசிய மூக்குல ஏத்தக் கூடாது, கையுறையும் போட்டுக்கோங்க). மெழுகு தடவின ஸ்க்ரூவ நட்டுக்குள்ள மொதல்லயே மாட்டிட்டு, அந்த ஸ்க்ரூவப் புடிச்சே நட்ட குழிக்குள்ள எறக்குங்க. ரெண்டு வேலை ஒண்ணா முடியும். மரைக்குள்ள எப்பாக்சி போகாது, நட்டும் துளைக்கு நேரா நிக்கும். எப்பாக்சி பாலாடைக்கட்டி பதத்துக்கு வந்ததும் ஸ்க்ரூவ கால் சுத்து திருப்பி விடுங்க. முழுசா இறுகினப்புறம் கழட்டுங்க.

இன்செர்ட்டுக்கு அடிமூடின குழி போடுறீங்கன்னா அடியில 1 மில்லிமீட்டர் துளை ஒண்ணு விடுங்க. இல்லன்னா உள்ள மாட்டுன காத்து எப்பாக்சிய வெளிய தள்ளும், இன்செர்ட்டும் மேல எழும்பும். அச்சடிக்கும்போது உள்ள தேங்குற ரெசின் வடியுறதுக்கும் அதே துளை உதவும். பித்தளைய சுத்தி ரெசின் சுவரு 2 மில்லிமீட்டருக்குக் கொறையாம இருக்கட்டும். குழியோட உள்மூலைய கூரா விடாம உருட்டி விடுங்க. விரிசல் எப்பவும் கூர்மூலைல இருந்துதான் கெளம்பும்.

கூம்புத் தலை ஸ்க்ரூவ ரெசின்கிட்டயே கொண்டு வராதீங்க. அது ஆப்பு. இறுக்க இறுக்க பொளந்துக்கிட்டே போகும். அடி தட்டையா இருக்கிற தலை, அதுக்குக் கீழ ஒரு வாஷர். போதும்.

நம்ம ஊர் காத்தப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். மலாக்காவுல மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை, எப்பவும் ஈரம். தண்ணில கழுவுற ரெசின் இருக்கே, அது வேலைக்கு சுலபம், ஆனா ஈரத்த உறிஞ்சிக்கும். பித்தளை வச்சு ஒட்டின சாமானுக்கு அது வேணாம். ரெசின் ஊதும், பித்தளை ஊதாது, நடுவுல மாட்டுறது சுவரு. நான் 'ஏபிஎஸ் மாதிரி'ன்னு போட்டு விக்கிற முரட்டு ரெசினத்தான் எடுக்குறேன். மழை நாள்ல எப்பாக்சி கலந்தா மேல பிசுபிசுன்னு ஒரு ஏடு படியும். பயப்படாதீங்க, வெதுவெதுப்பான தண்ணில தொடச்சா போயிடும், உள்ள நல்லா இறுகியிருக்கும். அப்புறம், யூவி பொட்டில ரொம்ப நேரம் வச்சு வாட்டாதீங்க. கூடக்கூட பலம்னு நெனைக்கிறாங்க, கூடக்கூட ரெசின் நொறுங்குற பதத்துக்குத்தான் போகும்.

ஸ்க்ரூ நுனி போய் அழுத்துற எடமும் ரெசின்தானே? தாங்குகட்டை மேல கொஞ்ச நாள்ல குழி விழுந்துடும். அதுக்கு மைலோ டின்ன கத்திரில வெட்டி, சின்ன வட்டமா ஒட்டிட்டேன். இரும்புத் தகடு மேல இரும்பு ஸ்க்ரூ. பிரச்சனை தீர்ந்துச்சு.

இதெல்லாம் முடிச்சு மெஷின ஒரு குடும்ப விருந்துக்குத் தூக்கிட்டுப் போனேன். சொந்தக்காரப் பசங்க எல்லாம் சுத்திக்கிட்டாங்க. வெள்ளைக் களிமண்ண உருட்டி உள்ள விட்டு, ஒருத்தன் கைப்பிடிய சுத்துறான், ஒருத்தி ஸ்க்ரூவத் திருகுறா. ஒரு சுத்துக்கு 0.4 மில்லிமீட்டர் எறங்குது. நெஜ ஷீட்டோட 3 மில்லிமீட்டர் இங்க 0.3, அதாவது முக்கால் சுத்து. எவ்ளோ கொஞ்சமாத் திருகினா எவ்ளோ மாறுதுன்னு யாரும் சொல்லிக் குடுக்காமலே அவங்க விரலுக்குப் புரிஞ்சிடுச்சு. ஒரு பக்கம் மட்டும் இறுக்கினப்ப களிமண்ணு வளைஞ்சுக்கிட்டு வந்திச்சு. "ஏன் பாட்டி கோணலா வருது?"ன்னு ஒருத்தி கேக்க, பெரியம்மா நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு முன்னால வந்து உக்காந்தாங்க. "ரெண்டு கையாலயும் புடி. ஒண்ணா திருகு. இப்ப விடு."

நேரா வந்திச்சு.

நான் அடைஞ்ச சந்தோஷத்துக்கு அளவே இல்லங்க! வீட்டுக்கு வந்து நட்டுக் குழிய லென்ஸ் வச்சுப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்ல, பொடி இல்ல. அந்த படிவம் நாலு பையனோட ரோபோ கையையும் மறுபடி அச்சடிச்சோம், ஆறுமுகக் குழி, எம்3 பித்தளைக் கால், எப்பாக்சி. இப்ப அவன் அதைக் கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி வெளையாடிக்கிட்டு இருக்கான்.

இன்னும் வேலை பாக்கி இருக்கு. வரி உருளை மெஷின் செய்யணும், அதோட ஜோடி. அதுக்குத்தான் உங்க உதவி வேணும். மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கம் யார் வீட்டுப் பின்பக்கமாவது பழைய கை மெஷின் துருப்புடிச்சுக் கெடந்தா, ஒரு அளவு டேப்பு எடுத்துக்கிட்டுப் போய் நாலு அளவு மட்டும் எடுத்து அனுப்புங்க: உருளையோட சுத்தளவு, வரிக்கு வரி எவ்ளோ தூரம், ரெண்டு பல்சக்கரத்துலயும் எத்தனை பல்லு, கைப்பிடி நீளம். தலைல இருக்கிற ஸ்க்ரூ இன்னும் சுத்துதுன்னா, ஒரு அங்குலத்துல எத்தனை மரைன்னு அதையும் எண்ணிடுங்க.